பிரஸ்பிட்டேரியன் போதகர் ஆவது எப்படி: படிப்பும் அதைச் சுற்றி நடப்பவையும்

இறையியல் கல்லூரியில் மூன்று ஆண்டு படித்துப் பட்டம் வாங்கிவிட்டால் போதகர் ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்டவர் அழைத்துவிட்டார், அப்புறம் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பிரஸ்பிட்டேரியன் திருச்சபைகளில் இந்த இரண்டு கணக்குமே செல்லாது. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அபிஷேகத்துக்காக, அதாவது போதகராக முறைப்படி ஏற்படுத்தப்படுவதற்காக, காத்திருப்பவர்கள் அங்கே உண்டு. அழைப்பில் துளியும் சந்தேகம் இல்லாமல் வந்து, பாதி வழியில் வேறு ஊழியத்துக்குத் திரும்பியவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதெல்லாம் வீண் கெடுபிடியாகத் தெரியும். ஆனால் இதற்குள் ஒரு தெளிவான நம்பிக்கை இருக்கிறது: ஒருவர் தம் உள்ளத்தில் கேட்கும் அழைப்பைத் திருச்சபையும் கேட்டாக வேண்டும். வழியில் வரும் ஒவ்வொரு படியும் இதற்காகவே வைக்கப்பட்டது.

வக்கீல் தொழிலை நினைத்துப் பாருங்கள். சட்டப் படிப்பு முடித்த அன்றே ஒருவர் வக்கீல் ஆகிவிடுவதில்லை. பார் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும், தேர்வில் தேற வேண்டும். அதன் பிறகும், யாராவது நம்பி வழக்கை ஒப்படைத்தால்தான் அவருக்கு நீதிமன்றத்தில் வேலை. பட்டம் ஓரிடத்தில் கிடைக்கிறது, அங்கீகாரம் இன்னோரிடத்தில், வேலை மூன்றாவது இடத்தில். போதகர் ஆவதும் இதே வரிசைதான். ஒரே ஒரு முக்கியமான வேறுபாடு: வழக்கு வருமுன்பே வக்கீல் வக்கீல்தான். பிரஸ்பிட்டேரியன் முறையிலோ, ஒரு சபையோ பணியிடமோ அழைக்கும்வரை அபிஷேகமே கிடையாது.

## முடிவெடுப்பவர் யார்?

திருச்சபைகளை ஆளும் முறைகள் பெரும்பாலும் மூன்று வகை. சில சபைகளைப் பேராயர் ஆளுகிறார். சிலவற்றில் ஒவ்வொரு உள்ளூர்ச் சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்கிறது. பிரஸ்பிட்டேரியன் முறையில் மூப்பர்கள் கூடி ஆளுகிறார்கள்.

மூப்பர் என்பவர் சபை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, அபிஷேகம் பெற்று, சபையின் ஆவிக்குரிய நலனைக் கவனிக்கும் விசுவாசி. ஒரு சபையின் மூப்பர்களும் போதகரும் சேர்ந்த குழுவுக்கு மூப்பர் சங்கம் என்று பெயர். ஒரு வட்டாரத்துப் போதகர்கள் அனைவரும், அங்குள்ள சபைகள் அனுப்பும் மூப்பர்களும் கூடும் மன்றம் பிரஸ்பிட்டரி. அதற்கு மேலே சினட், எல்லாவற்றுக்கும் மேலே பொதுப்பேரவை.

போதகர் ஆக விரும்புகிறவர் கண் வைக்க வேண்டியது பிரஸ்பிட்டரியின் மேல். வேறு சபைகளில் பேராயர் செய்வதை இங்கே இந்த மன்றம் செய்கிறது: ஏற்றுக்கொள்கிறது, சோதிக்கிறது, அபிஷேகம் செய்கிறது, தேவைப்பட்டால் ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கிறது. பலருக்கும் தெரியாத ஒன்று: அபிஷேகம் பெற்ற போதகர் தாம் ஊழியம் செய்யும் சபையின் அங்கத்தினர் அல்ல. அவருடைய அங்கத்துவம் பிரஸ்பிட்டரியில் இருக்கிறது. சபைக்கும் போதகருக்கும் மனத்தாங்கல் வந்தாலும் சரி, அவர் வேறு ஊருக்குப் போக விரும்பினாலும் சரி, பிரஸ்பிட்டரியின் ஒப்புதல் இல்லாமல் அந்தப் பிணைப்பு அவிழாது.

தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களுக்கு இங்கே குழப்பம் வரலாம். ஸ்காட்லாந்து மிஷன் நட்ட பிரஸ்பிட்டேரியன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், அதன் வழியாக 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. அது பேராயர்களைக் கொண்ட திருச்சபை என்பதால் அங்கே போதகர் ஆகும் வழி வேறு. இந்தக் கட்டுரை பேராயர் இல்லாத பிரஸ்பிட்டேரியன் சபைகளைப் பற்றியது.

இந்த முறைக்கு வயது நானூற்று ஐம்பதுக்கும் மேல். 1560இல் ஜான் நாக்ஸும் அவருடைய தோழர்களும் ஸ்காட்லாந்துக்காக எழுதிய முதல் ஒழுக்க நூல், போதகர் நியமனத்தை மூன்றாகப் பிரித்தது: தேர்ந்தெடுத்தல், சோதித்தல், ஏற்றுக்கொள்ளுதல். மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், கற்றறிந்த ஊழியர்கள் சோதிப்பார்கள், சபை முன்பாக ஏற்றுக்கொள்வார்கள். பிரஸ்பிட்டரி என்ற மன்றம் அங்கே உருப்பெற்றது அதற்கும் பிறகு, 1580களில். பெயர்களும் படிவங்களும் எவ்வளவோ மாறியிருந்தாலும் இந்த மூன்று எலும்புகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மூப்பர் சங்கம் உங்களை அறிந்த வீடு, பிரஸ்பிட்டரி உங்களைச் சோதித்து அபிஷேகம் செய்யும் மன்றம், கல்லூரி இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கும் பயிற்சிக் கூடம்.

## முதல் கதவு: சொந்தச் சபை

விதிகள் திருச்சபைக்குத் திருச்சபை மாறும். எண்களோடு விளக்க ஒரு திருச்சபையை எடுத்துக்கொள்வது நல்லது. 1983இல் இரண்டு பெரிய சபைகள் இணைந்து உருவான அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் திருச்சபையை, அதாவது பி.சி.யூ.எஸ்.ஏ.வை எடுத்துக்கொள்வோம். அதன் விதிகள் சபை ஒழுங்கு நூலில் அச்சாகியிருக்கின்றன. மற்ற திருச்சபைகள் எங்கே விலகுகின்றன என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

விண்ணப்பிக்கிறவர் ஒரு உள்ளூர்ச் சபையின் அங்கத்தினராக இருக்க வேண்டும். அந்தச் சபையின் ஆராதனையிலும் பணிகளிலும் குறைந்தது 6 மாதமாவது ஈடுபட்டிருக்க வேண்டும். பிறகு அவர் மூப்பர் சங்கத்தைச் சந்திக்கிறார். அவர்கள் பரிந்துரைத்தால்தான் விண்ணப்பம் பிரஸ்பிட்டரிக்குப் போகும்.

இந்தச் சந்திப்பைச் சடங்கு என்று எண்ணிப் போகிறவர்கள் தடுமாறுகிறார்கள். மூப்பர்கள் கேட்பவை எளிய கேள்விகள்: இந்த எண்ணம் எப்போது தொடங்கியது? உங்களிடம் இந்த வரம் இருப்பதாக வேறு யார் சொன்னார்கள்? வீட்டில் என்ன சொல்கிறார்கள்? படிப்புச் செலவுக்கு என்ன வழி? துக்க வீட்டில் உங்களால் உட்கார்ந்திருக்க முடிகிறதா? கடைசிக் கேள்விக்கு உங்கள் வாயிலிருந்து வரும் பதிலைவிட, உங்களை அப்படி ஒரு வீட்டில் பார்த்த மூப்பரின் சாட்சிக்கு மதிப்பு அதிகம். ஆறு மாத விதியின் நோக்கமும் இதுதான். உங்களைத் தெரியாதவர்களால் உங்களுக்காகச் சாட்சி சொல்ல முடியாது.

இங்கே அடிக்கடி நேரும் தவறு இரண்டு. ஒன்று, முதலில் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, அங்கே போய்ச் சபையைத் தேடுவது. புதிய ஊர், புதிய சபை, ஆறு மாதம் அங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். அதற்குள் முதலாண்டு ஓடிவிடும். இரண்டு, படிப்பதற்காக ஊர் மாறும்போது அங்கத்துவத்தையும் அவசரமாக மாற்றிக்கொள்வது. உங்களை வளர்த்த சபையின் பிரஸ்பிட்டரிதான் உங்களைக் கண்காணிக்கும். நீங்கள் ஆயிரம் மைல் தள்ளிப் படித்தாலும் அந்த உறவு தொடரலாம். அதை அறுத்துக்கொண்டு போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

## ஆராயும் கட்டம், வேட்பாளர் கட்டம்

பிரஸ்பிட்டரியில் ஊழிய ஆயத்தக் குழு ஒன்று இருக்கும். போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்த இந்தக் குழுதான் வழி நெடுக உங்களோடு வரும். ஆயத்தத்தை அவர்கள் இரண்டு கட்டமாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது ஆராயும் கட்டம். அழைப்பு உண்மைதானா, அது போதக ஊழியத்துக்கான அழைப்புதானா என்று நீங்களும் திருச்சபையும் சேர்ந்து பார்க்கும் காலம் இது. இரண்டாவது வேட்பாளர் கட்டம். அழைப்பு இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட பிறகு, அதற்கான முழு ஆயத்தம். இரண்டும் சேர்ந்து குறைந்தது 2 ஆண்டு. அதில் குறைந்தது 1 ஆண்டாவது வேட்பாளராக இருக்க வேண்டும். இவை பெரும்பாலும் கல்லூரிப் படிப்போடு சேர்ந்தே நடப்பதால், தனியாக இரண்டு ஆண்டு கூட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் குழுவைச் சந்தித்துப் படிப்பு, குடும்பம், கடன், ஜெப வாழ்க்கை எல்லாவற்றையும் பேச வேண்டும். பெரும்பாலான பிரஸ்பிட்டரிகள் உளவியல் மதிப்பீடும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் கேட்கின்றன. உளவியல் மதிப்பீடு என்றதும் சிலர் மனம் புண்படுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. போதகர் தனியாக முடிவெடுக்கிறார், மற்றவர்களின் இரகசியங்களைச் சுமக்கிறார், பலவீனமான நேரத்தில் இருப்பவர்களோடு தனியறையில் பேசுகிறார். கோபத்தை எப்படிக் கையாள்கிறார், விமர்சனத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார், தம் காயங்களை அறிந்திருக்கிறாரா என்பதை அந்த வேலைக்கு முன்பே பார்ப்பது ஆட்டுமந்தைக்குச் செய்யும் நியாயம்.

ஆராயும் கட்டத்தில் ஒருவர் விலகிக்கொண்டால் அதைத் தோல்வி என்று யாரும் எண்ணக் கூடாது. கட்டத்தின் பெயரே ஆராய்வது. மூப்பராகவோ, ஆசிரியராகவோ, மருத்துவமனைப் பணியாளராகவோ இருப்பதுதான் தம் அழைப்பு என்று அங்கே கண்டுகொண்டவர், முப்பது ஆண்டு தவறான பணியில் மனம் கசந்து கிடப்பதிலிருந்து தப்பித்திருக்கிறார்.

## கல்லூரியில் என்ன கற்கிறார்கள்?

முதலில் ஏதாவது ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டம் வேண்டும். பொறியியல், வரலாறு, கணக்கு எதுவானாலும் சரி. அதன் பிறகு எம்.டிவ்., அதாவது போதக ஊழியத்துக்கான முதுகலைப் பட்டம். அமெரிக்காவில் இதற்கு குறைந்தது 72 பருவ மதிப்பெண் அலகுகள், முழுநேரமாகப் படித்தால் வழக்கமாக 3 ஆண்டு. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியை 1812இல் பிரஸ்பிட்டேரியன் பொதுப்பேரவையே நிறுவியது. பிட்ஸ்பர்க், ஆஸ்டின், லூயிவில், டிகேட்டரில் உள்ள கொலம்பியா போன்றவையும் இந்த மரபில் வந்தவை. வேறு சபையின் கல்லூரியிலும் படிக்கலாம். அங்கீகாரம் பெற்றதாகவும் உங்கள் பிரஸ்பிட்டரிக்கு ஏற்புடையதாகவும் இருந்தால் போதும்.

பாடங்கள்: பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, இறையியல், அறநெறி, பிரசங்கக் கலை, ஆராதனை, ஆத்தும பராமரிப்பு, கிறிஸ்தவக் கல்வி. இவற்றோடு எபிரெயமும் கிரேக்கமும். இந்த இரண்டு மொழிகளில்தான் பலர் திணறுகிறார்கள். ஆனாலும் பி.சி.யூ.எஸ்.ஏ. இரண்டையும் கேட்கிறது. அகராதியோடு உட்கார்ந்து மூலத்தில் ஒரு பகுதியைப் படித்து, அந்த மொழியின் உதவியோடு பொருள் காணும் பாடங்களையும் முடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் மேடையில் நின்று "வேதம் இப்படிச் சொல்கிறது" என்று சொல்லப் போகிறவர், அப்படித்தான் சொல்கிறதா என்று தாமே சரிபார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது காரணம்.

சில எம்.டிவ். பட்டங்களில் மொழிப் பாடம் கட்டாயம் இல்லை. கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று அப்படி ஒன்றில் சேர்ந்து, கடைசி ஆண்டில் "எபிரெயம் எங்கே?" என்று குழு கேட்கும்போது திகைத்து நிற்பவர்கள் உண்டு. சேருமுன் பாடத்திட்டத்தை ஊழிய ஆயத்தக் குழுவிடம் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்குவது இந்தச் சங்கடத்தை முழுதாகத் தவிர்க்கும்.

வகுப்பறைக்கு வெளியே இரண்டு பயிற்சிகள். ஒன்று களப்பணி: ஒரு சபையில் அனுபவமுள்ள போதகரின் கீழ் பிரசங்கம், வகுப்பு, வீடு சந்திப்பு. மற்றது மருத்துவமனை ஆத்தும பராமரிப்புப் பயிற்சி. சி.பி.இ. என்று சொல்வார்கள். பல பிரஸ்பிட்டரிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒரு அலகுக்கு 400 மணி நேரம். அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நோயாளிகளோடு, மீதி குழுவிலும் மேற்பார்வையாளரோடும்.

சி.பி.இ.யின் இதயம் ஓர் எளிய எழுத்து வேலை. நோயாளியோடு பேசியதை, நினைவிலிருந்து வரிக்கு வரி நாடகம் போல எழுத வேண்டும்: அவர் சொன்னது, நான் சொன்னது, நடுவில் வந்த மௌனம். அதைக் குழு முன் வாசிக்க வேண்டும். "எனக்கு ஏன் இப்படி நடந்தது?" என்று நோயாளி கேட்டிருப்பார். அடுத்த வரியில் மாணவர் "வாங்க, ஜெபிப்போம்" என்று எழுதியிருப்பார். மேற்பார்வையாளர் அந்த இடத்தில் நிறுத்துவார்: அந்த ஜெபம் யாருடைய பதற்றத்தைத் தணித்தது, அவருடையதையா, உங்களுடையதையா? ஐம்பது பிரசங்கங்கள் கற்றுத் தராததை அந்த ஒரு கேள்வி கற்றுத் தரும். எம்.டிவ். காலத்தில் செலவழிக்கும் மணி நேரங்களில் மிகப் பயனுள்ளவை இந்த நானூறுதான்.

படித்த போதகர் வேண்டும் என்ற பிடிவாதம் இந்தத் திருச்சபையில் பெரும் சண்டைகளையும் கிளப்பியிருக்கிறது. பென்சில்வேனியாவில் வில்லியம் டெனன்ட் ஒரு மரவீட்டுக் கல்லூரியில் ஊழியர்களைப் பயிற்றுவித்தார். நியூ இங்கிலாந்து அல்லது ஐரோப்பியக் கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களைச் சினடே சோதிக்க வேண்டும் என்று பிலடெல்பியா சினட் 1738இல் விதித்தது. அந்தச் சண்டையும் ஒரு காரணமாக 1741இல் திருச்சபை பிளந்தது. 1758இல்தான் மீண்டும் ஒன்றானது. பிறகு கென்டக்கி எல்லைப்புறத்தில் எழுப்புதல் பரவி, மக்கள் திரளாக வந்து, போதகர்கள் போதாமல் போனார்கள். கல்லூரி காணாதவர்களை அபிஷேகம் செய்யலாமா என்ற சர்ச்சை அங்கே முற்றியது. 1810இல் கம்பர்லேண்ட் பிரஸ்பிட்டேரியன் சபை தனியாகப் பிரிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். படிப்புத் தேவையில்லை என்ற குரலில் எப்போதும் ஒரு நியாயம் இருந்திருக்கிறது: மேய்ப்பன் இல்லாத ஆடுகள் பட்டத்துக்காகக் காத்திருக்க முடியாது. அந்த நியாயத்துக்கு இன்று கிடைத்திருக்கும் பதிலைக் கடைசியில் பார்ப்போம்.

## ஐந்து தேர்வுகள்

கல்லூரித் தேர்வுகள் போக, திருச்சபையே நடத்தும் அபிஷேகத் தேர்வுகள் ஐந்து.

முதலாவது வேதாகமப் பொருளடக்கத் தேர்வு. கொள்குறி வகைக் கேள்விகள் 100. தேற 70 வேண்டும். கல்லூரியின் முதலாண்டிலேயே எழுதுவது வழக்கம். மற்ற நான்கும் கட்டுரைத் தேர்வுகள்: வேத விளக்கம், இறையியல், ஆராதனையும் திருநியமங்களும், சபை ஆளுகை. திருநியமங்கள் என்பவை பிரஸ்பிட்டேரியன் முறையில் இரண்டே: ஞானஸ்நானம், திருவிருந்து. விடைகளைத் திருத்துபவர்கள் பல பிரஸ்பிட்டரிகளிலிருந்து வரும் போதகர்களும் மூப்பர்களும். யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாது.

கேள்விகள் சபையில் அன்றாடம் வரும் சிக்கல்கள் போலவே இருக்கும். மாதிரிக்கு ஒன்று: சபையின் மூத்த அம்மா ஒருவர், வெளியூரிலிருந்து வந்திருக்கும் தம் பேரக்குழந்தைக்கு வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுக்கும்படி போதகரைக் கேட்கிறார். குழந்தையின் பெற்றோர் எந்தச் சபையிலும் இல்லை. என்ன செய்வீர்கள்? "அன்போடு கொடுப்பேன்" என்று எழுதினாலும் தேற முடியாது, "முடியாது என்பேன்" என்று எழுதினாலும் தேற முடியாது. ஞானஸ்நானத்துக்கு அனுமதி தருவது மூப்பர் சங்கம், போதகர் அல்ல. அது சபை கூடும் ஆராதனையில் நடப்பதே முறை, ஏனென்றால் குழந்தையை வளர்ப்பதாகச் சபையும் வாக்குக் கொடுக்கிறது. இதைச் சபை ஒழுங்கு நூலைச் சுட்டி விளக்க வேண்டும். அந்த அம்மாவின் மனம் நோகாமல் எப்படிப் பேசுவீர்கள், அந்த இளம் பெற்றோரை எப்படிச் சந்திப்பீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

பலர் தவறுவது வேத விளக்கத் தேர்வில். ஒரு வேதப் பகுதியை மூலமொழியோடு ஆராய்ந்து, பொருள் கண்டு, ஒரு குறிப்பிட்ட சூழலில் உள்ள சபைக்கு அதை எப்படிக் கொண்டுசெல்வது என்று காட்ட வேண்டும். புத்தகங்களைப் பார்த்து எழுதலாம். பலர் நேரே பிரசங்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள். பகுதி என்ன சொல்கிறது என்பதை நிலைநாட்டுமுன் அது நமக்கு என்ன சொல்கிறது என்று எழுதுகிறார்கள். வேறு சிலர் உரைநூல்களின் கருத்துகளை அடுக்கிவிட்டு, தம் முடிவு எது என்று சொல்லாமல் விடுகிறார்கள். கேட்ட கேள்வியை ஒருமுறை காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தியும் அதற்குப் பதில் சொல்கிறதா என்று பார்த்தால் இந்த இரண்டும் நேராது.

உண்மையான காரணம் இருந்தால் பிரஸ்பிட்டரி நான்கில் மூன்று பங்கு வாக்கோடு சில தகுதிகளைத் தளர்த்தலாம். தேர்வு விஷயத்தில் மட்டும் வெறுமனே விட்டுவிட முடியாது. அதே வாக்குப் பெரும்பான்மையோடு, மாற்று வழியில் சோதிக்க வேண்டும்.

ஆக, சொந்தச் சபை பரிந்துரைத்தது, ஆயத்தக் குழு இரண்டு கட்டங்களையும் பார்த்தது, கல்லூரி பட்டம் கொடுத்தது, ஐந்து தேர்வும் முடிந்தது. இப்போது பிரஸ்பிட்டரி அவரை "அபிஷேகச் சோதனைக்கு ஆயத்தமானவர், அழைப்பு நிலுவை" என்று சான்றளிக்கும். அந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்.

## அழைப்பு இல்லாமல் அபிஷேகம் இல்லை

போதகர் இல்லாத சபை, தன் அங்கத்தினர்களிலிருந்து ஒரு போதகர் தேடும் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. சபை தன்னைப் பற்றி ஒரு விவரக்குறிப்பு எழுதும். வேட்பாளரும் தம்மைப் பற்றி எழுதுவார். நேர்காணல்கள் நடக்கும். பிறகு குழு அவருடைய பிரசங்கத்தைக் கேட்க வேண்டும். இதற்காக அவர் மூன்றாவது ஒரு சபையின் மேடையில் பிரசங்கம் செய்வார். தேடும் குழு அங்கே பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கும். அவருக்கும் பதற்றம் குறைவு, சபையிலும் வதந்தி கிளம்பாது. கடைசியில் சபைக் கூட்டம் கூடி வாக்களிக்கும். சம்பளம், வீடு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, விடுமுறை, படிப்பு விடுப்பு எல்லாம் அழைப்பு நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும். அவை பிரஸ்பிட்டரி வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. பிரஸ்பிட்டரி ஒப்புக்கொண்டால்தான் அழைப்பு உறுதியாகும்.

சபை மக்களின் இந்த வாக்குரிமை சும்மா கிடைத்ததல்ல. ஸ்காட்லாந்தில் 1712இல் வந்த சட்டம், போதகரை முன்மொழியும் உரிமையை நிலச்சுவான்தார்கள் உள்ளிட்ட புரவலர்களிடம் திருப்பிக் கொடுத்தது. சபை விரும்பாதவர் மேடை ஏறிய கதைகள் பெருகின. 1843இல் தாமஸ் சால்மர்ஸ் முன் நிற்க, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறி, சுதந்திரத் திருச்சபையை அமைத்தார்கள். புரவலர் முறை 1874இல்தான் ஒழிந்தது. அழைப்பை ஏன் இத்தனை கண்டிப்பாகப் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு அந்த வெளியேற்றத்தைவிட நல்ல பதில் கிடையாது.

அழைப்பு உள்ளூர்ச் சபையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. மருத்துவமனை, இராணுவம், சிறைச்சாலை ஆகியவற்றின் ஆத்தும பராமரிப்பாளர், இறையியல் ஆசிரியர், மிஷனெரி ஆகிய பணிகளையும் பிரஸ்பிட்டரி ஏற்றுக்கொண்டால் அபிஷேகம் உண்டு.

இந்த இடைவெளி சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஆண்டுகள். ஒரே நகரத்தில்தான் வேலை வேண்டும், பெரிய சபைதான் வேண்டும் என்பவர்கள் அதிகம் காத்திருக்கிறார்கள். சிறிய, கிராமப்புறச் சபைகள் போதகர் கிடைக்காமல் தவிக்கும்போது இது நடப்பதுதான் வருத்தம். பகுதிநேர அழைப்பை ஏற்று, வேறொரு தொழிலும் பார்க்கும் போதகர்கள் இன்று நிறைய. அந்த வழியை இரண்டாம் தரமாக நினைக்கத் தேவையில்லை. அப்போஸ்தலன் பவுலே கூடாரம் தைத்துப் பிழைத்தவர்.

## பிரஸ்பிட்டரி முன்பாக

அழைப்பு வந்த பிறகு கடைசிச் சோதனை. வேட்பாளர் தம் விசுவாசத்தை ஒரு பக்க அளவில் எழுதித் தருகிறார், பிரசங்கம் செய்கிறார், கூடியிருக்கும் போதகர்களும் மூப்பர்களும் கேட்கும் கேள்விகளுக்கு நின்றபடியே பதில் சொல்கிறார். யாரும் எதையும் கேட்கலாம். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு வாக்கெடுப்பு நடத்துவது பல இடங்களில் வழக்கம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் தோற்றவர்கள் அரிது. தம் அறிக்கையில் தாமே எழுதிய ஒரு வாக்கியத்தை விளக்க முடியாமல் நின்றவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள். ஆகவே அறிக்கையில் கடன் வாங்கிய சொற்கள் வேண்டாம்.

அபிஷேக ஆராதனையில் 9 கேள்விகள் கேட்கப்படும். கிறிஸ்துவை இரட்சகராக நம்புகிறீர்களா, வேதத்தை ஏற்கிறீர்களா, திருச்சபையின் விசுவாச அறிக்கைகளால் வழிநடத்தப்படுவீர்களா என்று அவை தொடங்கும். 2016இல் பெல்ஹார் அறிக்கை சேர்ந்த பிறகு பி.சி.யூ.எஸ்.ஏ.வின் அறிக்கைத் தொகுப்பில் இருப்பவை 12. கேள்விகளில் ஒன்று, ஆற்றலோடும் அறிவோடும் கற்பனையோடும் அன்போடும் மக்களுக்கு ஊழியம் செய்வீர்களா என்று கேட்கிறது. கற்பனையையும் வாக்குறுதியில் சேர்த்தவர்கள் ஊழியத்தை நன்கு அறிந்தவர்கள்.

பிறகு வேட்பாளர் முழங்கால்படியிட, போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்து அவர்மேல் கைகளை வைத்து ஜெபிக்கிறார்கள். தொழிலால் ஆசிரியராகவோ விவசாயியாகவோ இருக்கும் மூப்பரின் கையும் அந்தக் கைகளில் ஒன்று. 1560ஆம் ஆண்டு நூல் கை வைப்பது அவசியமில்லை என்று சொன்னது. அந்த வழக்கம் பின்னர்தான் திரும்பி வந்தது. அபிஷேகம் செய்வது மன்றம் என்பதற்குக் கொரியா நல்ல எடுத்துக்காட்டு. 1907இல் பியோங்யாங் இறையியல் பள்ளியில் படித்து முடித்த முதல் 7 பேரும் அபிஷேகம் பெற, முதலில் கொரியாவுக்கென்று ஒரு பிரஸ்பிட்டரி அமைய வேண்டியிருந்தது. அது அமைந்தவுடன் அவர்களைப் போதகர்களாக ஏற்படுத்தினார்கள்.

## மற்ற பிரஸ்பிட்டேரியன் சபைகளில்

1973இல் தோன்றிய பி.சி.ஏ. என்னும் இன்னொரு அமெரிக்கச் சபையில், வேட்பாளருக்குக் குறைந்தது 1 ஆண்டு பயிற்சி ஊழியம் கட்டாயம். தொடர்ந்து பிரசங்கிக்க உரிமம் பெறுவது தனியான ஒரு படி. வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் தமக்கு உடன்பாடில்லாத இடங்களை வேட்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அது ஏற்கத்தக்க விலகலா என்று பிரஸ்பிட்டரி தீர்மானிக்கும். அங்கே ஆண்களுக்கு மட்டுமே அபிஷேகம். பி.சி.யூ.எஸ்.ஏ.வின் முன்னோடிச் சபைகளில் ஒன்று 1956லேயே பெண்களுக்குப் போதக அபிஷேகத்தைத் திறந்தது. ஸ்காட்லாந்து திருச்சபை 1968இலும் அயர்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபை 1973இலும் அதைச் செய்தன.

ஸ்காட்லாந்தில் தனிக் கல்லூரிகளைவிட எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய பழைய பல்கலைக்கழகங்களில் இறையியல் படிப்பதே நீண்டநாள் மரபு. படிப்புக்குப் பின் மூத்த போதகர் ஒருவரோடு பயிற்சிக் காலம் உண்டு. அயர்லாந்தில் இந்தப் பயிற்சியின் மையம் 1853இல் திறந்த பெல்பாஸ்ட் யூனியன் இறையியல் கல்லூரி.

## பட்டம் இல்லாத வழி

சிறு சபைகளின் பசிக்கு பி.சி.யூ.எஸ்.ஏ. கண்ட பதில், பணியமர்த்தப்பட்ட மூப்பர். பிரஸ்பிட்டரி ஒரு மூப்பருக்கு வேதம், இறையியல், திருநியமங்கள், ஆளுகை ஆகியவற்றில் பயிற்சி கொடுத்து, சோதித்து, ஒரு குறிப்பிட்ட சபையில் பிரசங்கிக்கவும், அனுமதித்தால் திருவிருந்து நடத்தவும் நியமிக்கிறது. ஒரு நியமனம் 3 ஆண்டுக்கு மேல் போகாது, புதுப்பிக்கலாம். அது அந்த இடத்துக்கு மட்டுமே உரியது. வேறு பிரஸ்பிட்டரிக்குப் போனால் அங்கே புதிதாகத் தொடங்க வேண்டும். நாற்பது பேர் கூடும் ஒரு சபைக்கு, தங்களோடு வளர்ந்த ஒருவர் இப்படிக் கிடைப்பது பெரிய ஆசீர்வாதம்.

## தொடங்குகிறவர் செய்ய வேண்டிய வரிசை

கல்லூரி விண்ணப்பத்தை எடுக்குமுன் உங்கள் போதகரிடம் பேசுங்கள். அடுத்து மூப்பர் சங்கச் செயலரிடம், அங்கத்துவம் எந்தத் தேதியிலிருந்து பதிவாகியிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சபையின் ஆராதனையிலும் பணிகளிலும் ஈடுபடத் தொடங்கிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆறு மாதக் கணக்கு அதிலிருந்துதான். பிரஸ்பிட்டரி அலுவலகத்தில் ஊழிய ஆயத்தக் குழுவின் கையேட்டை வாங்குங்கள். ஒவ்வொரு பிரஸ்பிட்டரியும் தன் சொந்தத் தேவைகளைக் கூட்டிவைத்திருக்கும். குழு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது என்பதும் அதில் இருக்கும். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை எல்லாம் நிற்கும். படிப்பில் சேர்ந்த பிறகு எபிரெயத்தையும் கிரேக்கத்தையும் முதல் இரண்டு ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள், அப்போதுதான் வேத விளக்கத் தேர்வு வரும்போது மொழி கையில் சூடாக இருக்கும். வாங்கும் கடனையும் ஆண்டுதோறும் குழுவிடம் சொல்லுங்கள். முதல் அழைப்பின் சம்பளத்தால் அடைக்க முடியாத கடன், நல்ல போதகர்கள் பலரைச் சிறு சபைகளை ஏற்க முடியாதபடி செய்துவிடுகிறது. இதை முன்கூட்டியே அறிந்த குழுவால் சபையின் உதவித்தொகையையோ பிரஸ்பிட்டரியின் நிதியையோ காட்டி வழிசொல்ல முடியும்.